'ஹேங் அவுட்': யாரோடு, எங்கே, எப்படிச் சொல்வது

பேச்சு ஆங்கிலம் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்கள் அதிகம் தடுமாறும் சொற்களில் 'ஹேங் அவுட்' ஒன்று. ஹேங் என்றால் தொங்குவது, அவுட் என்றால் வெளியே. இரண்டையும் கூட்டிப் பார்த்து அர்த்தம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பிடித்தவர்களோடு, இன்ன வேலை என்று எதுவும் இல்லாமல் பொழுதைப் போக்குவதுதான் ஹேங் அவுட். அரட்டை அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், ஆளுக்கொரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

'அவுட்' இருப்பதால் வெளியே கிளம்பியாக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. 'வீ ஹங் அவுட் அட் ஹோம்' முழுக்கச் சரியான வாக்கியம். அதனால் இதை 'ஊர் சுற்றுவது' என்று மனப்பாடம் செய்யாதீர்கள்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிக முக்கியம். ஆளைச் சொன்னால் 'வித்' கட்டாயம்: 'ஐ ஹேங் அவுட் வித் மை கசின்ஸ்.' துவைத்த துணியை வெளியே காயப்போடுவதற்கும் ஆங்கிலத்தில் 'ஹேங் அவுட் தி வாஷிங்' என்றுதான் சொல்வார்கள். 'வித்' விட்டுப்போய் 'ஐ ஹங் அவுட் மை ஃபிரெண்ட்ஸ்' என்று சொன்னால், நண்பர்களைக் கொடியில் காயப்போட்டதாக ஆகிவிடும்! இடத்தைச் சொன்னால் 'அட்' அல்லது 'இன்': 'அட் தி லைப்ரரி', 'இன் தி பார்க்'. 'ஹியர்', 'தேர்' வந்தால் நடுவில் எதுவும் வேண்டாம்.

இறந்தகாலம் 'ஹங்'. 'ஹேங்டு' என்ற வடிவம் தூக்கிலிடுவதற்கு உரியது, இங்கே அதைக் கொண்டுவராதீர்கள். வகுப்பில் நான் மூன்று வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லவைப்பேன். நேற்றைக்கு, 'வீ ஹங் அவுட் ஆஃப்டர் கிளாஸ்.' இப்போதைக்கு, 'வீ ஆர் ஜஸ்ட் ஹேங்கிங் அவுட்.' நாளைக்கு, 'வான்ட் டு ஹேங் அவுட் டுமாரோ?' நடு வாக்கியத்தில் உள்ள 'ஜஸ்ட்'டைக் கவனியுங்கள். 'என்ன பண்றீங்க?' என்று யாராவது கேட்டால் 'சும்மாதான் இருக்கோம்' என்போமே, அந்தத் தொனியை அதுதான் கொண்டுவருகிறது.

'ஹேங்அவுட்' என்று சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். பெரும்பாலும் ஒரு கூட்டம் வழக்கமாகப் போய் உட்காரும் இடத்தைக் குறிக்கும். அப்போது அழுத்தம் 'ஹேங்' மேல் விழும், வினையாக வரும்போது 'அவுட்' மேல். இந்த 'இடம்' என்ற வாடை பழையது. 1836-37இல் தொடராக வந்த டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் 'எங்கே தங்கியிருக்கிறீர்கள்' என்று விசாரிக்க 'ஹேங் அவுட்' என்பதைத்தான் பயன்படுத்துகிறார் ஒரு பாத்திரம். சரி, இன்றைய பேச்சுக்கு வருவோம். 'லெட்ஸ் கோ ஃபார் எ ஹேங்அவுட்' என்று நீட்டாமல் 'லெட்ஸ் ஹேங் அவுட்' என்றாலே போதும், அதுதான் இயல்பு.

இது தோழமையான சொல். மேலதிகாரியோடு நடந்த ஆலோசனைக் கூட்டத்தை இப்படிச் சொன்னால், அவரோடு உட்கார்ந்து கதையடித்த மாதிரி ஒலிக்கும். அலுவலக மெயிலிலும் கட்டுரையிலும் 'ஸ்பென்ட் டைம் வித்' என்று எழுதுங்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்லலாம், அங்கே பேச்சுநடைதான் அழகு.

அப்புறம், யாராவது 'வான்ட் டு ஹேங் அவுட்?' என்று கேட்டால், எங்கே, எதற்கு என்று அதில் எதுவும் இருக்காது. வேண்டுமென்றேதான் அப்படி இலேசாக விடுகிறார்கள். 'ஃபார் வாட்?' என்று திருப்பிக் கேட்டால் விசாரணைபோல ஆகிவிடும். விருப்பம் இருந்தால் 'ஷுர், வேர்?' என்று கேளுங்கள். முடியாது என்றால், 'ஐ கான்ட் டுடே, மேபி டுமாரோ?'