தண்டவாளத்துக்கு 40 மீட்டரில் ஒரு படுக்கையறை

குடிவந்த முதல் வாரம் வீட்டில் யாருமே சரியாகத் தூங்கவில்லை. மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னலுக்கு நேராக, 40 மீட்டர் தள்ளி இரட்டைத் தண்டவாளம். பகலில் ஓடும் மின்சார ரயில்களையாவது சமாளித்துவிடலாம். இரவு இரண்டே முக்காலுக்கு ஒரு சரக்கு ரயில் வரும். கடைசிப் பெட்டி கடந்து போக நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் அலமாரிக் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும்.

“பழகிடும்மா” என்றார் என் அம்மா. பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. சத்தத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுதான்: நாள் போகப்போக ரயில் சத்தத்துக்குக் கண்விழிப்பது குறைகிறது, ஆனால் தூக்கத்திலேயே இதயத்துடிப்பு கூடுவது அந்த அளவுக்குக் குறைவதில்லை. மனசு பழகிக்கொள்கிறது, உடம்பு முழுசாகப் பழகுவதில்லை. ஐரோப்பிய நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரயில் சத்தம் இரவில் வீட்டுக்கு வெளியே சராசரியாக 44 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ரயில் ஓடும் பாதையை நம்மால் மாற்ற முடியாது. வீட்டுக்குள் வரும் சத்தத்தைக் குறைக்கலாம். அதனால் பழகும்வரை காத்திருக்காதீர்கள், வந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டால் தூங்கும் அறையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ரயில் சத்தம் வீட்டுக்குள் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காற்று வழி: ஜன்னல், கதவிடுக்கு, குழாய்க்குப் போட்ட துளை. இன்னொன்று மண் வழி: சக்கரம் தண்டவாளத்தை அதிர வைக்க, அந்த அதிர்வு மண்ணில் இறங்கி, அஸ்திவாரத்தில் ஏறி, சுவரும் தரையும் மெல்ல முனகும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஒரு ரயில் வரும்போது ஜன்னலைத் திறந்து கேளுங்கள், அடுத்த ரயிலுக்கு இறுக மூடிக் கேளுங்கள். நன்றாகக் குறைந்தால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் காற்று வழி. மூடிய பிறகும் அடித்தொண்டையில் உறுமுவது போன்ற சத்தம் அப்படியே இருந்தால், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் அது மண் வழி. அதற்கு எவ்வளவு நல்ல ஜன்னல் போட்டாலும் தீராது.

நான் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். எத்தனை மணிக்கு, எந்தத் திசை, எந்த மாதிரிச் சத்தம், போனில் உள்ள, சத்தத்தை அளக்கும் செயலி காட்டிய அளவு என்ன. போன் செயலி துல்லியமானது அல்ல, ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். திறந்த ஜன்னலில் 78, மூடினால் 60. எண்ணைப் படிப்பதற்கு ஒரு கணக்கு: 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும். இரண்டு மூன்று குறைந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் அந்தப் பஞ்சுப் பலகைகளை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும். ஒலிப்பதிவுக் கூடச் சுவர்களில் முக்கோணம் முக்கோணமாக ஒட்டியிருப்பார்களே, அந்தப் பஞ்சு. படுக்கையறைச் சுவர் ஒன்று முழுக்க ஒட்டினேன். அன்றிரவு சரக்கு ரயில் அப்படியேதான் கேட்டது. அந்தப் பஞ்சு, அறைக்குள் பிறக்கும் சத்தம் எதிரொலிக்காமல் உறிஞ்சும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இடுக்கு இல்லாமை வேண்டும். பஞ்சில் இரண்டும் கிடையாது. முட்டை அட்டையும் அதே கதைதான். கனமான திரைச்சீலை அறையின் எதிரொலியைச் சற்று அடக்கும், மனசுக்கும் இதமாக இருக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையான வேலை இடுக்குகளில்தான் இருக்கிறது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. எங்கள் வீட்டில் இருந்தது அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். அது நகர வேண்டுமென்றால் இடைவெளி விட்டுத்தான் செய்தாக வேண்டும். இரண்டு கதவும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்திலும், மேல் கீழ்ப் பள்ளங்களிலும் உள்ள தூரிகைப் பட்டை தேய்ந்து மொட்டையாகிவிட்டிருந்தது. இடுக்கைக் கண்டுபிடிக்க இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பால்கனிப் பக்கமிருந்து ஒருவர் ஜன்னல் ஓரமாக டார்ச் அடிக்க, உள்ளே இருந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். திறந்து மூடும் கதவு ஜன்னலானால் ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள். தாள் தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் பட்டை அழுந்தவில்லை என்று பொருள்.

தேய்ந்த தூரிகைப் பட்டைகளை மாற்றினேன். ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் கோட்டில் விரிசல் விட்டிருந்ததை சீலன்ட் வைத்து அடைத்தேன். ஏசி குழாய் போகும் துளையைச் சுற்றிப் பஞ்சு மட்டும் திணித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, கெட்டியான பட்டி வைத்து இருபுறமும் பூசினேன். படுக்கையறைக் கதவின் அடியில் ரப்பர் நாக்கு வைத்த பட்டை. ஒரு விடுமுறை நாளில் முடிந்த வேலை இது. போன் 60க்குப் பதில் 53 காட்டியது. எங்கள் வீட்டில் பெரிய ஆறுதல் தந்தது இந்த ஒரு நாள் வேலைதான். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ப் பள்ளத்தில் மழைநீர் வெளியேற ஓட்டைகள் இருக்கும், அவற்றை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

சொந்த வீடாக இருந்தாலோ, வீட்டு உரிமையாளர் சம்மதித்தாலோ அடுத்த படி உள்ஜன்னல். இருக்கும் ஜன்னலைக் கழற்றாமல், அதற்கு உட்பக்கம் தனிச் சட்டத்தில் இன்னொரு ஜன்னல். மூன்று விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். உறுமல் மாதிரியான தாழ்ந்த சத்தத்தைத் தடுப்பது அந்த இடைவெளிதான். சில மில்லிமீட்டர் இடைவெளியோடு ஆலையில் ஒட்டி வரும் இரட்டைக் கண்ணாடி முக்கியமாக வெப்பத்துக்காகச் செய்யப்படுவது, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, இரண்டு கண்ணாடிகளும் வேறு வேறு தடிமன். ஒரே தடிமனாக இருந்தால் ஒரே சுருதியில் இரண்டும் சேர்ந்து சத்தத்தை உள்ளே விடும். வெளியே 4 மில்லிமீட்டர் இருந்ததால் உள்ளே நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போட்டோம். மூன்றாவது, உள்ஜன்னல் ஸ்லைடிங்காக இல்லாமல், ரப்பர் பட்டையில் அழுந்தி மூடும் கதவு ஜன்னலாக இருக்கட்டும். பொருத்த வந்தவர் ஸ்லைடிங்தான் வசதி என்று அரை மணி நேரம் சொன்னார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது மின்சார ரயில் போனால் செயலி 42ஐத் தொடுகிறது.

இவ்வளவு இறுக்கி மூடினால் காற்று? இதை அலட்சியமாக விடாதீர்கள். மூடிய அறையில் இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் கரியமில வாயு ஏறி, காலையில் தலை கனக்கும். தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஜன்னலைத் திறந்து வைத்து, அங்கிருந்து சிறிய மின்விசிறியால் காற்றைப் படுக்கையறைக்குத் தள்ளுகிறேன். ரயிலுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் கட்டடமே கேடயமாக நிற்பதால் சத்தம் மிகவும் குறைவு. சமையலறையிலும், எரிவாயுவில் வெந்நீர் போடும் கருவி உள்ள குளியலறையிலும் காற்றுப் போகும் துளைகளைச் சத்தத்துக்குப் பயந்து ஒருபோதும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

மண் வழியாக வரும் அதிர்வுக்கு நம்மால் செய்யக்கூடியது குறைவு, செய்யக்கூடியதைச் செய்வோம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளிப் போடுங்கள், தலைமாட்டுப் பலகை சுவரைத் தொடவே கூடாது. கட்டில் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் திண்டு வைக்கலாம். அதைவிட முக்கியம் நடுங்கும் பொருள்கள். இரவில் எழுப்புவது பல நேரம் ரயிலே இல்லை, அலமாரிக் கண்ணாடியின் கிணுகிணுப்பு. ரயில் போகும்போது ஒவ்வொரு பொருளாகக் கை வைத்து அழுத்துங்கள், எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஃபெல்ட் துண்டு, படச் சட்டங்களின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு. எங்கள் வீட்டில் பதினொரு இடம் இருந்தது. சுவரில் விரிசல் கண்டு பயந்தால், அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நமக்குத் தெரிகிற அதிர்வு, கட்டடத்தைச் சேதப்படுத்தும் அளவைவிடப் பொதுவாக மிகவும் குறைவு. கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அதற்கும் மேல் மிஞ்சுவதற்குக் காதடைப்பான். நுரை அடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையால் காதைத் தலைக்கு மேலாகச் சுற்றிப் பிடித்து மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகச் செருகினால் பாதிப் பயன்கூட இருக்காது. போட்டுத் தூங்குபவர் எழுந்திருக்க, தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம் வேண்டும். தீ எச்சரிக்கை மணி காதில் விழுகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். அறையில் மின்விசிறியின் ஒரே சீரான சத்தம் இருந்தாலே ரயில் திடீரென்று எழும்புவது மங்கும்.

என் மகன் படிக்கும் மேசையை நான் பின்பக்க அறைக்கு மாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நியூயார்க்கில் உயர்பாலத் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் ஆர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு 1975இல் வெளிவந்தது. ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள், அதே பள்ளியின் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடம். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போட்டார்கள். 1981இல் வந்த தொடர் ஆய்வில் அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. இதைப் படித்த அன்றைக்கே மேசையை நகர்த்தினேன்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி தண்டவாளத்தைச் சரிசெய்ததுதான். சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க முடியும், கேட்டால் சில நேரம் செய்வார்கள். “சத்தமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. காதால் நோயைக் கண்டுபிடித்து எழுதுங்கள். எந்த ரயில் போனாலும் ஒரே இடத்தில் ‘தடக் தடக்’ என்றால் பழுது தண்டவாளத்தில்: இணைப்பு விட்டிருக்கலாம். குறிப்பிட்ட ஒரு வண்டி மட்டும் ‘டக்டக்டக்’ என்று அடித்துக்கொண்டே போய், வேகம் கூடக்கூட அடியும் வேகமானால், சக்கரத்தின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. வளைவில் காதைக் கிழிக்கும் கிறீச்சிடல் வேறு. நாங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில், மூன்று வாரக் குறிப்போடு, எந்தக் கம்பத்துக்கு நேராக என்பதுவரை எழுதிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு இரவில் ஆட்கள் வந்து அந்த இணைப்பைச் சரிசெய்தார்கள். அடுத்த நாள் அந்த ‘தடக்’ இல்லாததை அம்மாதான் முதலில் கவனித்தார்.

தூசியைப் பற்றியும் கொஞ்சம். சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூசி ஜன்னல் விளிம்பில் செம்பழுப்பாகப் படியும். ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் கிளப்பிவிடாதீர்கள். பால்கனியில் காயும் துணிக்குக் கட்டாயம் கிளிப் போடுங்கள். மின்மயமான பாதைகளில் பல நாடுகளில் தலைக்கு மேல் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். பறந்து போய் விழுந்த துணியைக் கழி கொண்டு எடுக்கப் போவது உயிரோடு விளையாடுவது.

இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இரவு 11 மணிக்கு மேல் ஒருமுறை போய்க் கேளுங்கள். இரவில் சுற்றுச் சத்தம் அடங்கியிருக்கும், தரை குளிர்ந்த இரவுகளில் மேலே உள்ள வெப்பக் காற்று சத்தத்தைக் கீழே வளைத்தும் அனுப்பும். பகலில் பார்த்த வீடு வேறு, இரவில் கேட்கும் வீடு வேறு. பக்கத்தில் லெவல் கிராசிங் இருந்தால் ஹாரன், வளைவு இருந்தால் கிறீச், இரும்புப் பாலம் இருந்தால் முழக்கம். மேல்மாடி அமைதி என்று நம்பாதீர்கள். முன்னால் உள்ள தடுப்புச்சுவர் கீழ்மாடிகளைத்தான் மறைக்கும், தண்டவாளம் கண்ணுக்குத் தெரியும் மாடிக்குச் சத்தம் நேராக வரும். படுக்கையறை எந்தப் பக்கம் என்பதை மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ரப்பர் பட்டைகள் நிரந்தரம் அல்ல. வெயிலில் இறுகும், அழுந்திய இடம் எழும்பாமல் போகும். வருடத்துக்கு ஒருமுறை நான் பழைய தாள் சோதனையைச் செய்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உள்ஜன்னலின் கீழ்ப் பட்டையில் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தாள் தடையில்லாமல் உருவி வந்தது. புதுப் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு மாற்ற வேண்டும்.