இரவு அழைப்புகளும் 17ஆம் பிரிவும்

குளச்சலை அடுத்த கடற்கரைப் பள்ளியொன்றில் உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு, 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தந்தையை இழந்த பிள்ளைகளின் துயரத்தைக் கேட்பதைவிட, அவர்களைக் ‘கடப்புறத்துப் பிள்ளைகள்’ என்று வகுப்பிலேயே இழிவாக அழைக்கும் வழக்கத்தைத் தனியாளாக எதிர்ப்பதே உறக்கத்தைக் கெடுத்தது. தியானமும் மாலை நடையும் ஓரளவே உதவின.

ஆகவே, பிள்ளைகளின் பெயரை நீக்கி, தேதியையும் சொல்லப்பட்ட சொற்களையும் மட்டும் குறித்துவைக்கத் தொடங்கினேன். பின்னர், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்யும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சுட்டி, சக ஆசிரியைகளும் சில தாய்மாரும் என்னுடன் கையொப்பமிட்ட மனுவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்தோம். கையெழுத்துகள் பெருகியதால் பகை என்மேல் மட்டும் குவியவில்லை. கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான். அப்படி இழிவாக அழைக்கும் வழக்கம் வகுப்பறைகளில் நின்றுபோனது.

பெற்றோரிடமிருந்து வரும் இரவு அழைப்புகளுக்கு வேறு ஏற்பாடு செய்தேன்: 24 மணி நேரமும் இயங்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவர்களிடம் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குமேல் கைபேசியை அணைத்துவிடுகிறேன். மாதந்தோறும் நாகர்கோவிலில் பிற பள்ளி ஆலோசகர்களைச் சந்தித்து, பிள்ளைகளின் அடையாளம் வெளிப்படாதவாறு கடினமான நேர்வுகளைப் பேசுகிறோம்; கேட்காமல் யாரும் அறிவுரை கூறக்கூடாது என்பதே அங்கு விதி.