ஹானர்ஸ் பசங்களுக்கு: கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன்ல சீட்டு பிடிக்குறது எப்படி

அமெரிக்காவுல ஸ்டேட் யூனிவர்சிட்டி, அதுல ஹானர்ஸ் காலேஜ் (நல்லா படிக்கறவங்களுக்கான தனிப் பிரிவு) வேற, மத்தவங்களுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணலாம்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்னனு நானும் அக்கடான்னு தூங்கிட்டேன். 7 மணிக்கு ஓபன், நான் எந்திரிச்சது 8:30. 20 பேர் செமினார் ஃபுல். ஹானர்ஸ்காரங்க எல்லாருக்குமே அதே 7 மணிதான்னு அப்பதான் மண்டையில உறைச்சுது.

லாகின், கோர்ஸ் தேடறதெல்லாம் விட்டுடறேன்.

1. முந்தின நாளே உங்க அக்கவுண்ட்ல ஹோல்டு, அதாவது ரெஜிஸ்ட்ரேஷனைத் தடுக்கற பூட்டு, இருக்கானு பாருங்க. ஃபீஸ் பாக்கி, தடுப்பூசி ரெக்கார்டு, அட்வைசரைப் பாக்காதது, எது இருந்தாலும் காலைல ஒண்ணும் நகராது.

2. கோர்ஸை எல்லாம் கார்ட்ல போட்டு வேலிடேட் அமுக்குங்க, டைம் இடிக்குதா, முன்னாடி முடிக்க வேண்டிய கோர்ஸ் பாக்கி இருக்கானு சொல்லிடும். ஆனா கார்ட்ல போட்டா சீட்டு ரிசர்வ் ஆயிடுச்சுனு நெனைக்காதீங்க, என்ரோல் அடிச்சாதான் சீட்டு. டைம்டேபிள் போட ஆப் எல்லாம் வேணாம், ஒரு ஏ4 பேப்பர்ல கட்டம் போட்டு கிளாஸ் நம்பர் எழுதுங்க, பக்கத்துலயே, அதே கோர்ஸ் வேற டைம்ல நடக்கற மாத்து செக்‌ஷன் ரெண்டு. எனக்கு அதுதான் சரிப்படுது.

3. உங்க யூனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் சாஃப்ட்வேர் பீப்பிள்சாஃப்ட் மாதிரி சிஸ்டம்னா பச்சை வட்டம் சீட்டு இருக்கு, நீலக் கட்டம் க்ளோஸ்டு, மஞ்ச முக்கோணம் வெயிட்லிஸ்ட். பச்சையா இருந்தும் உள்ள விடலைன்னா அந்த சீட்டு வேற குரூப்புக்கு ஒதுக்கினதா இருக்கலாம், டிபார்ட்மெண்டுக்கு மெயில் போட்டு பர்மிஷன் நம்பர் (உள்ள விடற கோடு) கேளுங்க.

4. நான் கோட்டை விட்டது இங்கதான். சேஃப்டிக்கு சாதா செக்‌ஷன்ல சேந்துட்டு, அதே கோர்ஸோட ஹானர்ஸ் செக்‌ஷன் வெயிட்லிஸ்ட்ல தனியா ஆட் பண்ணி வெச்சிருந்தேன். லிஸ்ட்ல மொத ஆள் நான்தான். ஒரு சீட்டு காலியாச்சு, ராத்திரி சிஸ்டம் தானாவே வெயிட்லிஸ்ட்ல இருந்து ஆள் சேக்கறப்போ என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு! ஒரே கோர்ஸ்ல ரெண்டு செக்‌ஷன்ல இருக்க முடியாதாம். வேற கிளாஸோட டைம் இடிச்சாலும் இதே கதிதான். அதனால ஆட் வேணாம், ஸ்வாப் போங்க. கையில இருக்கற செக்‌ஷனை மேல, ஹானர்ஸ் செக்‌ஷனைக் கீழ குடுத்து வெயிட்லிஸ்ட் டிக் பண்ணா, ஹானர்ஸ் கெடைச்சா மட்டும்தான் பழசு போகும். தயவுசெஞ்சு மொதல்ல ட்ராப் பண்ணிட்டு அப்புறம் சீட்டு தேடாதீங்க.

5. ஹானர்ஸ் செக்‌ஷனே இல்லையா? சாதா கிளாஸ்ல சேந்து ப்ரொஃபசர்கிட்ட ஹானர்ஸ் கான்ட்ராக்ட் கேளுங்க, கூடுதலா ஒரு பேப்பரோ ப்ராஜெக்டோ பண்ணா ஹானர்ஸ் கிரெடிட்டா எழுதிக்கலாம். கடைசித் தேதி செமஸ்டர் ஆரம்பத்துலயே வந்துடும், எல்லா ப்ரொஃபசரும் ஒத்துக்கவும் மாட்டாங்க, அதனால கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு மெயில் தட்டிடுங்க.

அப்டேட்: ஆன்லைன் செக்‌ஷன்ல சீட்டு ஈசியா கெடைக்குதே, ரெண்டு எடுக்கலாமானு கமெண்ட்ல ஒரு தம்பி கேட்டிருந்தார். எஃப்-1 விசான்னா (வெளிநாட்டு ஸ்டூடண்ட் விசா) பாத்துப்பா, அண்டர்கிராட் செமஸ்டருக்கு 12 கிரெடிட் வேணும், அதுல ஒரே ஒரு ஆன்லைன் கிளாஸ், அதாவது 3 கிரெடிட்தான் கணக்கு. வெயிட்லிஸ்ட்ல நிக்குறது அந்த 12ல சேராது. பாதி ஆன்லைன், பாதி நேர்ல போக வேண்டிய ஹைப்ரிட் கிளாஸ்னா கதை வேற, அதையும் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு அமுக்குங்க.