மூன்று கருவி, ஒரே பட்டியல்

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி தாக்கல் செய்வது என் வேலை. ஆபீஸில் கம்ப்யூட்டர், கையில் போன், வீட்டில் லேப்டாப். முன்பெல்லாம் ஆபீஸ் வேலைக்கு ஒரு பட்டியல், வீட்டு வேலைக்கு ஒன்று. மகனின் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளை ஆபீஸ் மேசைக் காலண்டரில் குறித்தேன். அந்த வாரம் லீவில் இருந்தேன், தேதி போய்விட்டது. அவன் முகம் வாடியதைப் பார்த்த அன்றே எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டினேன்.

முறை புதிதல்ல. அமெரிக்க வலைப்பதிவர் ஜினா ட்ரபானி 2006-இல் உருவாக்கிய டூடூ.டெக்ஸ்ட் (todo.txt) தான். நோட்பேடிலேயே திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு வேலை. வரிக் கடைசியில் @ போட்டு, அந்த வேலையை எங்கே செய்ய முடியும் என்று எழுத வேண்டும். இதுதான் உயிர்நாடி. யாருடைய வேலை என்பதைவிட எங்கே முடியும் என்பதே முக்கியம். என் கோப்பில் இப்படி இருக்கும்:

கேஸ் பதிவு @போன்
மிக்ஸி ஜார் வாஷர் @கடைவீதி
மில்காரரிடம் கொள்முதல் பில் கேட்க @போன் கெடு:2025-06-09

மதியம் பத்து நிமிடம் கிடைத்தால் '@போன்' என்று தேடுவேன். கேஸும் மில்லும் சேர்ந்தே வரும். தேதியில் வருடத்தை முதலில் எழுதுங்கள். '2025-06' என்று தேடினால் அந்த மாதக் கெடு எல்லாம் வந்துவிடும்.

முடிந்த வரியை அழிக்காதீர்கள். தொடக்கத்தில் சின்ன எக்ஸ் எழுத்தும் ஓர் இடைவெளியும் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லைக் கட்டினோமா என்ற சந்தேகத்தை அந்த வரிதான் தீர்க்கிறது.

கோப்பை, இணையத்தில் கோப்பு சேமிக்கும் டிராப்பாக்ஸில் வைத்திருக்கிறேன். இலவசக் கணக்கில் மூன்று கருவிகள் வரை இணைக்கலாம், எனக்குச் சரியாக இருக்கிறது. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டாவது பிரதி ஒன்று முளைக்கும். அதனால் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது கோப்பை மூடிவிடுவேன். கட்சிக்காரர் பெயர், கடவுச்சொல் எதையும் இதில் எழுதுவதில்லை.

கோப்பு மணி அடிக்காது. டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட 7, ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20 என மாதாமாதம் வரும் தேதிகளுக்குப் போன் காலண்டரில் இரண்டு நாள் முன்பே அலாரம் வைத்திருக்கிறேன். 3பி தாமதமானால் பொதுவாக நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அது கட்சிக்காரர் பணம்.

ஞாயிறு சாயங்காலம் காபியோடு வீட்டில் எல்லோரும் அந்தப் பட்டியலைப் படிக்கிறோம். '@கடைவீதி' வரிகளை இப்போது மகன் எடுத்துக்கொள்கிறான்.