பிரிவுக்குப் பின் பிள்ளையைச் சந்திக்க நீதிமன்றத்தை நாடுதல்: இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை

பெற்றோர் பிரிந்தபின் பிள்ளை யாருடன் வாழ்வது, மற்றவரை எப்போது சந்திப்பது என்பதில் உடன்பாடு எட்டாதபோது, 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் உங்களுக்குப் பெற்றோர் பொறுப்புரிமை (பிள்ளையின் வளர்ப்பு பற்றி முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமையும் கடமையும்) உண்டா என்று பாருங்கள். தாய்க்கு அது இயல்பாகவே உண்டு. தாயை மணந்த தந்தைக்கும், 2003 டிசம்பர் 1 முதல் நடந்த பிறப்புப் பதிவில் தாயுடன் சேர்ந்து பெயர் பதிந்த தந்தைக்கும் உண்டு.

குடும்ப வன்முறை போன்ற விலக்குகள் இல்லையெனில், நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு காணும் வழியை விளக்கும் சமரசத் தகவல் கூட்டத்தில் கலந்துகொண்ட பிறகே, விண்ணப்பத்துக்கான சி100 படிவத்தை அளிக்க இயலும். பிள்ளைக்குத் தீங்கு நேருமென அஞ்சினால் சி1ஏ படிவத்தையும் இணையுங்கள். இங்கிலாந்தில், குடும்ப வழக்குகளில் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் காஃப்காஸ் அமைப்பு காவல்துறையிடமும் உள்ளாட்சியிடமும் விசாரித்து நீதிமன்றத்துக்கு எழுதும்.

நீதிபதிக்குப் பிள்ளையின் நலனே தலையாயது: வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் விருப்பம், அதன் தேவைகள், மாற்றத்தால் வரும் விளைவு, தீங்கின் அபாயம், பெற்றோரின் திறன் ஆகியவை எடைபோடப்படும். ஆகவே வாக்குமூலத்தில் பழைய மனக்கசப்புகளை அடுக்குவதைவிட (பலர் செய்வது இதைத்தான்), பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வார், விடுமுறை எப்படிப் பகிரப்படும் என்று எழுதுவதே பயன் தரும். பராமரிப்புப் பணம் தரவில்லை என்பதற்காகச் சந்திப்பை மறுக்காதீர்கள். அது தனி விவகாரம்.

பிள்ளையின் வாழிடம், சந்திப்பு பற்றி நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையைத் தகுந்த காரணமின்றி மீறுபவருக்கு 40 முதல் 200 மணிநேரம்வரை ஊதியமில்லா வேலை விதிக்கப்படலாம்.