உபுண்டு புதுப்பித்த பிறகு பழைய மென்பொருள் திறக்காவிட்டால்

ஐகானை அழுத்தினால் ஒரு நொடி சுற்றிவிட்டு மறைந்துவிடும். பிழைச் செய்தியும் வராது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04, 22.04 பதிப்புகளிலிருந்து 24.04க்கு மாறிய அச்சகங்களிலும் கடைகளிலும் வழக்கமாக வரும் தொல்லை இது. டேர்மினலைத் (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து மென்பொருளை அங்கிருந்தே இயக்குங்கள். கடைசி இரண்டு மூன்று வரிகளில் காரணம் இருக்கும்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மாரி காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. புதுப்பிப்பு பாதியில் நின்றிருந்தால் முதலில் ‘சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையை (ஆங்கிலச் சிறிய எழுத்தில்) ஓட்டி அதை முடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கோப்பு கண்முன்னே இருக்க, ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று வந்தால் குழம்பவேண்டாம். ‘ஃபைல்’ கட்டளையால் பாருங்கள். அநேகமாக 32-பிட் என்று காட்டும். இல்லாதது மென்பொருள் அல்ல, அதை ஏற்றிவிடும் 32-பிட் லோடர். பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜியில் ‘--ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’ கொடுத்து, ‘ஆப்ட் அப்டேட்’ செய்து, ‘லிப்சி6:ஐ386’ நிறுவுங்கள். அதன் பிறகுதான், மென்பொருளுக்குத் தேவையான நூலகங்களை (துணைக் கோப்புகளை) பட்டியலிடும் எல்-டி-டி கட்டளை உதவும். லோடர் இல்லாதபோது அது ‘டைனமிக் கோப்பு அல்ல’ என்று தவறான பதில் தரும். எல்-டி-டி பட்டியலில் ‘நாட் ஃபவுண்ட்’ என்றிருக்கும் நூலகங்களை ஒவ்வொன்றாக நிறுவுங்கள். 2038ஆம் ஆண்டு நேரச் சிக்கலைத் தீர்க்கும் மாற்றத்தில், 24.04இல் பல நூலகப் பெயர்களின் வாலில் ‘டி64’ ஒட்டிக்கொண்டது. பழைய பெயரில் கிடைக்காவிட்டால் அதைச் சேர்த்துத் தேடுங்கள்.

ஆப்இமேஜ் கோப்புக்கு (நிறுவாமலே நேராக இயங்கும் ஒற்றைக்கோப்பு மென்பொருள்) ‘லிப்ஃபியூஸ்2டி64’ போதும். வெறும் ‘ஃபியூஸ்’ பொதியை நிறுவவே வேண்டாம்: அது ஃபியூஸ்3ஐ வெளியேற்றும், கூடவே டெஸ்க்டாப்பின் பகுதிகளும் போகலாம். எதை நிறுவும்போதும் ‘நீக்கப்படும்’ பட்டியலை வாசித்துவிட்டே சம்மதம் கொடுங்கள்.

மென்பொருள் திறக்கிறது, ஆனால் திரையைப் படமெடுத்தால் கறுப்பாக வருகிறதென்றால் காரணம் வேலண்ட், அதாவது சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை. லொக்-அவுட் செய்து, பயனர் பெயரை அழுத்தியதும் வலது கீழ் மூலையில் தெரியும் பற்சக்கரத்தில் பழைய முறையான ‘உபுண்டு ஆன் எக்ஸார்க்’ தெரிவுசெய்யுங்கள். 25.10இல் இந்தத் தெரிவு இல்லை.

ஜிடிகே2 என்ற பழைய சாளரக் கருவித்தொகுப்பில் எழுதிய மென்பொருளில் மட்டும் தமிழ் விழவில்லையா? ‘ஐபஸ்-ஜிடிகே’ பொதியை நிறுவுங்கள். ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு ‘ஐபஸ்-எம்17என்’ பொதியில் வரும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1 (மறைகுறியாக்க நூலகம்) போன்ற பழைய நூலகங்கள் 22.04இலேயே போய்விட்டன. அவற்றை எங்கிருந்தோ இறக்கி கணினியின் நூலக அடைவுக்குள் போடுவது ஆபத்து. அடுத்த புதுப்பிப்பில் வேறெங்கோ உடையும். அதற்குப் பதிலாக, வேறொரு பதிப்பைக் கணினிக்குள் தனிப் பெட்டியாக ஓட்டும் ‘டிஸ்ட்ரோபாக்ஸ்’ நிறுவி, அதனுள் உபுண்டு 20.04 பெட்டியொன்றை உருவாக்கி, மென்பொருளை அங்கே நிறுவுங்கள். உள்ளிருந்து ‘டிஸ்ட்ரோபாக்ஸ்-எக்ஸ்போர்ட் --ஆப்’ கொடுத்தால் வழக்கமான மெனுவிலேயே ஐகான் வந்துவிடும்.