கமிட்மெண்ட் உண்டா என்று கேட்டேன்: ஓபி ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் என்று ஆராய்கிற நிறுவன நடத்தையியலை நாங்கள் சுருக்கமாக 'ஓபி' என்போம். இதில் முனைவர் பட்டம் செய்கிறேன் என்றால் நாகர்கோவிலில் எந்தக் கல்யாண வீட்டிலும் ஒரு சித்தப்பா, "ஓபி அடிக்கதுக்கும் டாக்டர் பட்டமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்திக்குப் போவார். கேலி போகட்டும். பிழைப்பையே கெடுக்கிற தவறுகள் வேறு இருக்கின்றன. பாதியை நானே செய்தவன்.

தலைப்பிலேயே தொடங்குகிறது முதல் தவறு. "கன்னியாகுமரி மாவட்ட முந்திரி ஆலைத் தொழிலாளர்களின் பணித் திருப்தி: ஓர் ஆய்வு." என் தலைப்பும் ஏறக்குறைய இதுதான். ஊர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கேள்வியைக் காணோம். முந்திரியை எடுத்துவிட்டு ரப்பர் என்று போட்டால் அடுத்த மாணவருக்கும் தலைப்பு தயார். 1953-ல் ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் அகமதாபாத் காலிகோ துணி மில்லுக்குள் நுழைந்தபோது அவர் கையில் ஒரு கேள்வி இருந்தது: தானியங்கித் தறி போட்ட பிறகும் உற்பத்தி ஏன் ஏறவில்லை? ஆளுக்கொரு துண்டு வேலை என்று சிதறிக் கிடந்தவர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒரு தொகுதித் தறிகளை ஒரு குழு முழுசாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது, சேதாரம் குறைந்தது. நமக்கும் கேள்விக்குப் பஞ்சமில்லை. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகில் ஒரு குழு வாரக்கணக்கில் கடலில் கிடக்கிறது. மாதச் சம்பளம் கிடையாது, பிடித்ததில் பங்கு. அங்கே 'மேலதிகாரி' யார்? மீன்பாடு தொடர்ந்து மோசமானால் அந்தக் குழு எப்போது உடைகிறது, எதனால் உடையாமல் நிற்கிறது? இதில் ஓர் ஆயுள் காலத்து வேலை இருக்கிறது.

அடுத்தது கேள்வித்தாள். நான் அதிகம் அடிபட்ட இடம் இதுதான்.

நிறுவனப் பற்றை, அதாவது ஆங்கிலத்தில் 'கமிட்மெண்ட்' என்பதை, அளக்க நடாலி ஆலனும் ஜான் மேயரும் 1990-ல் வெளியிட்ட அளவுகோலைத் தமிழாக்கிக்கொண்டு ஓர் அண்டி ஆபீசுக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களில் தோட்டெண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அந்தக் கையால் தாளைத் தொட மாட்டேன் என்றார்கள். நானே வாசித்து, நானே டிக் அடித்தேன். மேஸ்திரி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த நிறுவனத்தோட பிரச்சினைய உங்க சொந்தப் பிரச்சினையா நினைக்கியளா அக்கா?"

"நிறுவனம்னா எது சாரே? லோன் குடுக்கவனுவளா?"

சரி, எளிதாக்குவோம் என்று கமிட்மெண்ட் உண்டா எனக் கேட்டேன். "எக்கச்சக்கம் கெடக்கு சாரே. ரெண்டு சீட்டு, குழுக் கடன், மோளுக்கு காலேஜ் ஃபீஸ்." நான் 5-ல் டிக் அடித்தேன். முழுமையாக உடன்படுகிறார்!

தமிழில் கமிட்மெண்ட் என்றால் தலைக்கு மேல் உள்ள செலவும் கடனும் என்பது எனக்கும் தெரியும்தான். வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். ஆய்வாளனாக உட்கார்ந்ததும் மறந்துபோனது. தமிழாக்கியதைத் திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுகிற, ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் சொன்ன மறுமொழிபெயர்ப்பு முறை இங்கே உதவாது. 'கமிட்மெண்ட்' ஆங்கிலத்துக்குப் பத்திரமாகத் திரும்பிப் போய்விடும், இடையில் நடந்தது தெரியாது. ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு வரியையும் வாசித்துக்காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம்னு நெனைச்சிய?" என்று கேட்பதுதான் வழி. எதிர்மறை வாக்கியங்களையும் பாருங்கள். 'எனக்கு இங்கே ஒட்டுதல் இல்லை' என்பதற்கு 'உடன்படவில்லை' என்று பதில் சொல்லச் சொன்னால், படித்தவர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

மேஸ்திரி நிற்கும்போது வாங்கிய தாள்களில் எல்லாம் 4, 5. கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான குரோன்பாக் ஆல்ஃபா 0.9-ஐத் தாண்டியதும் குதித்தேன். ஒரே மாதிரி டிக் விழுந்தால் ஆல்ஃபா உயரத்தானே செய்யும்?

காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே நாளில் கேட்பது இன்னொரு தவறு. அப்படி வாங்கினால் இரண்டுக்கும் உறவு இருப்பதாகத் தானே தெரியும். 2003-ல் பாட்சகாஃபும் கூட்டாளிகளும் இதை விரிவாக எழுதிய பிறகு நல்ல ஆய்விதழ்கள் இதைத்தான் முதலில் பார்க்கின்றன. அண்டி ஆபீசில் யார் எத்தனை கிலோ உடைத்தார், எத்தனை நாள் வந்தார் என்பது நோட்டிலேயே இருந்தது. நான் கேட்கவே இல்லை.

மூல நூலைப் படிக்காமல் பாடப்புத்தகத்தை மேற்கோள் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவின் 1943 கட்டுரையில், பாடப்புத்தகங்கள் போடும் அந்த முக்கோணப் படம் கிடையாது. பணித் திருப்தி பற்றி ஹெர்ஸ்பெர்க் 1959-ல் எழுதியது பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்கள், கணக்கர்கள் 203 பேரை வைத்து. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அது பொருந்துமா என்பதே ஒரு கேள்வி. விடை தெரிந்ததுபோல் எழுதினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டுவோம்.

பணம் கட்டினால் பத்தே நாளில் வெளியிடும் இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். தரமான இதழ்கள் இவை என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு இப்போது நம் தலையில். வேலைக்கு நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்கள் பணம் வாங்கிப் போடும் இதழ்களின் பெயரைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பட்டம் வாங்கியதும் மோட்டிவேஷன் பேச்சாளராகிவிடுகிறவர்களும் உண்டு. சால்வை நிறையச் சேரும், ஆய்வு நின்றுபோகும்.

ஒரு வருடம் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். "அன்னைக்கு எழுதிட்டுப் போனியளே சாரே, அது என்ன ஆச்சு?" என்றார். பட்டம் கிடைத்துவிட்டது என்றேன். "எங்களுக்கு?" என்று கேட்டார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அந்த வாரமே ஆய்வேட்டின் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை மேஸ்திரி இல்லாத நேரம் பார்த்து, சாப்பாட்டு வேளையில்.